இரண்டாவது ரோல்

போன போயா நாளன்று, பௌர்ணமி விடுமுறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகள் லெப்டொப்பை என் மடியில் வைத்து, பொத்தான்கள் நிறைந்த ஒரு கருவியைக் கையில் தந்து, "உம்மா, அரை மணித்தியாலம் இத விளையாடிப் பாருங்க" என்றாள். நான் படுக்கத்தான் போயிருந்தேன். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். போயாவுக்குக் கடை பூட்டு. அன்றைக்கு ஒரு நாள்தான் கால் நீட்டலாம். காலையிலிருந்து ஒரு கிழமை உடுப்பைத் துவைத்துப் போட்டதில் இடுப்பும் விட்டுப்போயிருந்தது.

"எனக்கு இதெல்லாம் ஏலாது மகள். வெடி, சண்டையெண்டா தலை சுத்தும்."

"சண்ட ஒண்டும் இல்ல. படம் எடுக்கிற விளையாட்டு. கதை ஒண்டு ஈக்கி. முதல் பங்கை மட்டும் விளையாடுங்க, போதும்."

அவள் சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். குண்டசாலையில் நாங்கள் இருக்கிற ஒழுங்கையில் அவள் வயதுப் பிள்ளைகள் இல்லை. நான் காலையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வருகிறேன். வந்தாலும் பேச எனக்குச் சக்தி இருப்பதில்லை. அதனால் மறுக்க மனம் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கருவியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒரு சின்னத் துறைமுகப் பட்டணம். மேட்டில் ஒரு வீடு. அந்த வீட்டில் பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கண் விழிக்கிறாள். அவள்தான் நான் என்று மகள் சொன்னாள். அன்றைக்கு அந்த ஊரிலிருந்து கடைசிக் கப்பல் போகிறது. ஊரில் பாதிப் பேர் அதில் ஏறிப் போய்விடப் போகிறார்கள். போகிறவர்களைப் படம் எடுத்து வைக்கும்படி மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கமெராவும் பிலிம் ரோல் ஒன்றும் இருந்தன.

முதல் பாடமே பிலிம் போடுவதுதான். திரையில் இரண்டு கைகள் தெரிந்தன. நான் பொத்தானை அழுத்த அழுத்த அந்தக் கைகள் கமெராவின் பின்கதவைத் திறந்தன, ரோலை இடது பக்கக் குழியில் வைத்தன, பிலிமின் நாக்கை இழுத்து வலது பக்க உருளையின் வெட்டுக்குள் செருகின. பிறகு கீழே சில வரிகள் வந்தன. மகள் அதை வாசித்துச் சொன்னாள். "கதவ மூடினதுக்குப் பொறகு லீவர இழுக்கக்குள்ள இந்தப் பக்கக் குமிழ் சுத்துதாண்டு பார்க்கணுமாம். சுத்தினாத்தான் உள்ள பிலிம் ஓடுதாம்."

திரையில் குமிழ் அழகாகச் சுற்றியது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போது நாங்கள் திகனயில் இருந்தோம். எனக்கு வயது பதினொன்று. என் அக்கா, ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை டோஹாவில் வேலை. கலியாணம் முடிந்து இரண்டு கிழமையில் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ராத்தாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். உம்மாவும் தானும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வேண்டும். அதைக் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

அது லேசான காரியம் இல்லை. படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று உம்மா நம்பினார். அடையாள அட்டைக்காக ஒரே ஒரு தரம் கமெராவின் முன்னால் உட்கார்ந்தவர், அதற்கே பல நாள் சங்கடப்பட்டதாக வாப்பா சொல்லிச் சிரிப்பார். ராத்தா கேட்கும்போதெல்லாம், "என்ட மூஞ்சி ஒனக்கு மறந்தா பெய்த்திடும்?" என்று சொல்லிவிட்டு உம்மா குசினிக்குப் போய்விடுவார்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சவூதியில் இருந்து கலியாணத்துக்காக இரண்டு மாத லீவில் வந்தார். வரும்போது இரண்டு கமெராக்கள் கொண்டுவந்தார். கலியாண வீட்டில் ஆண்கள் பக்கம் படம் எடுக்க அவர் போதும். பெண்கள் பக்கம் யார் எடுப்பது? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முப்பது நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருக்கும் அறைக்குள் மாமா வர முடியாது. வேறு ஆண் எவரும் வர முடியாது. பெரிய பெண்களில் ஒருவருக்கும் கமெரா பிடிக்கத் தெரியாது, பழகவும் விருப்பமில்லை. கடைசியில் வீட்டில் சும்மா திரிந்த என்மேல் எல்லாருடைய கண்ணும் விழுந்தது.

"இவளா? இவ சலாம் செல்லவே வெக்கப்படுற புள்ள" என்று ராத்தா பதறினாள்.

"அதுதான் நல்லம். ஒருத்தருக்கும் இவ நிக்கிறதே தெரியாது" என்றார் மாமா.

கலியாணத்துக்கு முதல் நாள் மாமா எனக்கு ஒரு கமெராவைப் பழக்கினார். அவர் பேச்சு வேகமான பேச்சு. இதைத் திற, இதைச் செருகு, இதை இழு, இதைப் பார் என்று ஒரே மூச்சில் காட்டி முடித்து, "வெளங்கினா?" என்று கேட்டார். பாதிதான் விளங்கியது. இன்னொரு தரம் காட்டச் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன். முதல் ரோலை அவரே போட்டுத் தந்தார். இரண்டாவது ரோலை ஒரு கைலேஞ்சியில் சுற்றி என் சட்டைப் பைக்குள் வைத்து, "முடிஞ்சா என்னட்ட கொண்டு வாங்க, மாத்தித் தாரன்" என்றார்.

முதல் ரோலில் நான் எடுத்த முப்பத்தாறு படங்களும் பின்னால் கழுவி வந்தன. அவற்றில் முகம் தெரிகிற படம் பத்துக்கூட இருக்காது. "இங்கால பாருங்க" என்று ஒருவரையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவர்களாகத் திரும்பும்வரை காத்திருந்து, திரும்பாவிட்டால் அப்படியே எடுத்தேன். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற படத்தில் ஆறு கைகள்தான் இருந்தன. மருதோன்றி போட்ட விரல்கள், முக்காடுகள், முதுகுகள். "மாப்பிள்ளட மாமிட காதை மட்டும் வடிவா எடுத்தீக்கிறாய்" என்று ராத்தா என்னைக் கேலி செய்தாள். அது பின்னால் நடந்தது.

ரோல் முடிந்தபோது லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மாமாவிடம் போவதென்றால் நான் அந்தப் பந்தலுக்கு நடுவால் போகவேண்டும். அங்கே நூறு ஆண்கள். மாப்பிள்ளையும் அவருடைய கூட்டாளிமாரும் வாசலை மறித்துக்கொண்டு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போன தரம் தண்ணீர் கொண்டுபோனபோது அதில் ஒருவர், "மச்சினிச்சி, எங்களையும் ஒரு படம் எடுங்களே" என்று கேட்டு எல்லோரும் சிரித்திருந்தார்கள். நான் கதவு வரை போனேன். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். மாமா தூரத்தில் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

திரும்பி வந்து அறைக்குள் கட்டிலடியில் உட்கார்ந்து நானே ரோலை மாற்றினேன். முடிந்த ரோலைச் சுற்றி எடுப்பது சரியாக வந்தது. புதியதை வைத்தேன், நாக்கை இழுத்தேன், செருகினேன், கதவை மூடினேன். லீவரை இழுத்ததும் எண் ஒன்று என்று வந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததாக ஞாபகம் இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு பொண்ணை ஏற்றிக்கொண்டு போக வாகனம் வந்தது. பெண்கள் எல்லாரும் ராத்தாவைச் சுற்றி அழத் தொடங்கினார்கள். உம்மாவைக் காணவில்லை. ராத்தா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது உம்மா உள்ளறையிலிருந்து வந்தார். காலையிலிருந்து உடுத்தியிருந்த சேலை இல்லை. அலுமாரியின் அடியில் வைத்திருக்கும், அவர் உடுத்தி நான் ஒருநாளும் பார்த்திராத பச்சைப் பட்டுச்சேலை. முகம் கழுவியிருந்தார். கண்ணுக்குச் சுருமா போட்டிருந்தார். ஒருவரோடும் ஒன்றும் பேசாமல் வந்து ராத்தாவின் பக்கத்தில் நின்று, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடு."

எடுத்தேன். லீவரை இழுத்து இன்னுமொன்று எடுத்தேன். அன்றைக்கு முழுக்க நான் எடுத்ததில் நேராக என்னைப் பார்த்தவர் உம்மா மட்டும்தான்.

"வந்திச்சா?" என்று கேட்டார்.

"வந்திச்சு உம்மா."

விளையாட்டில் நான் கப்பல் துறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். பெட்டிகளோடு சனம் நின்றது. ஒரு பெண் கடலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மூட்டையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் முதலில் எடுக்க வேண்டுமாம். நான் கமெராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்களே உம்மா."

"அவ திரும்பட்டும்."

"அவ தானாத் திரும்ப மாட்டா. நீங்க கூப்பிடணும். இந்தப் பொத்தானை அமத்துங்க."

"கூப்பிட வெக்கமா ஈக்கி."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யா அல்லாஹ்! விளையாட்டுல ஈக்கிற பொம்புளையக் கூப்பிடவும் வெக்கமா? உம்மா, அவ உசிரோட ஈக்கிற ஆளில்ல!"

அதற்குள் கப்பல் சங்கு ஊதியது. பெண் எழும்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஏறுபலகையை எடுத்தார்கள். கப்பல் போய்விட்டது. என் கமெராவில் ஒரு படமும் இல்லை. சோர்ந்துபோய்க் கருவியைக் கீழே வைக்கப் போனேன். "ஒண்டும் இல்ல, திரும்ப விடியும் பாருங்க" என்றாள் மகள். பார்த்தால், மேட்டு வீட்டில் அந்தப் பிள்ளை மறுபடி கண் விழிக்கிறாள். மேசையில் துண்டு. பக்கத்தில் பிலிம் ரோல். அந்த ஊரில் கடைசிக் கப்பல் எத்தனை தரமும் போகலாம் போலிருக்கிறது.

"நீங்க விளையாடுங்க மகள், நான் பார்த்துக்கொண்டு ஈக்கிறன். கை உளையுது" என்று கருவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். கை உளைவு பொய்யில்லை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

இரண்டாவது ரோலில் நான் எடுத்தது இருபத்திரண்டு படங்கள். மிச்சம் பதினான்கு. அந்தக் காலத்தில் முடியாத ரோலைக் கழுவக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வராது. மாமாவுக்கும் வரவில்லை. ராத்தா மாப்பிள்ளை வீட்டிலிருந்தபடியே டோஹாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய முதல் கடிதத்தில் கடைசி வரி, "உம்மாவும் நானும் நிக்கிற படம் வந்ததா?" என்று இருந்தது. இரண்டாவது கடிதத்தில் அது முதல் வரியாகிவிட்டது.

உம்மாவும் கேட்பார். மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "அந்தப் படத்தக் கழுவல்லயா? மூத்தவ கேட்டு எழுதுறா" என்பார்.

"இன்னம் பதினாலு ஈக்கி ராத்தா. வீணாக்க வாணாம்" என்பார் மாமா. உம்மா அவருக்கு ராத்தா.

லீவு முடிகிற கிழமை மாமா தன் பிள்ளைகளைப் பேராதெனியாத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மிச்சப் படங்களை எடுத்தார். பதினான்கு முடிந்தது. அதற்குப் பிறகும் லீவர் இழுபட்டது. சில ரோலில் ஒன்றிரண்டு கூட வரும் என்று சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு எடுத்தாராம். பிறகு இன்னும் இரண்டு. நாற்பத்தொன்றாவது படத்துக்குப் பிள்ளைகளை மூங்கில் பற்றைக்கு முன்னால் நிறுத்தி லீவரை இழுத்தபோதுதான் அவருக்கு ஏதோ போல் இருந்ததாம். பிள்ளைகள் சிரித்தபடி காத்துக்கொண்டு நிற்க, மாமா கமெராவின் பின்கதவைத் திறந்தார். பிலிமின் நாக்கு உருளையைப் பிடிக்கவே இல்லை. கடையில் வாங்கினபடி, ஓர் அங்குலம்கூட ஓடாமல், ரோல் அதன் குழிக்குள் புதிதாக இருந்தது.

அன்று பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"ரோலைப் போட்டது ஆரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னட்ட கொண்டு வரச் சென்னேன் தானே புள்ள?"

"ஆம்புளையள் இருந்தாங்க" என்றேன். அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அழுகை ஓய்ந்ததும் மாமா உள்ளே போய், வெளிச்சம் பட்டு இரண்டாவது ரோல் பழுதாகிவிட்டது என்றும், தன்னுடைய கவலையீனம்தான் அது என்றும் உம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு ஒரு முறை நின்றது. பிறகு பழையபடி ஆடியது. "அல்லாஹ்ட நாட்டம்" என்றார். "நல்லதாப் போச்சு. நான் நிண்டது சரியில்ல." ராத்தாவுக்கு எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்கள்.

நல்லதாப் போச்சு என்ற சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு இரவு படுக்கும்போது அதை எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். உம்மாவுக்குக் கோபம் இல்லை. கவலையும் இல்லை. அவர் மனம் பொருந்தாமல் செய்த ஒரு காரியம் நடக்காததுபோல் ஆகிவிட்டது. யோசிக்க யோசிக்க, நான் ஒரு நன்மை செய்ததுபோலக்கூட எனக்குத் தோன்றத் தொடங்கியது. பிள்ளைகளின் மனம் தனக்கு வேண்டிய இடத்துக்கு எவ்வளவு சுருக்காக வந்து சேர்ந்துவிடுகிறது!

உம்மா மவுத்தாகி இப்போது பல வருஷம். அடையாள அட்டையிலிருந்த முத்திரை அளவுப் படத்தை ராத்தா ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து வைத்திருக்கிறாள். போனில் பேசும்போது சில நேரம், "இதில ஈக்கிறது உம்மாவே இல்ல, பயந்துபோன ஆரோ ஒரு பொம்புள" என்பாள். ரோலைப் போட்டது நான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் சொல்ல முடியாமல் இருப்பது அது மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நடந்த ஒன்றும் இருக்கிறது.

மாமா சவூதிக்குத் திரும்பிப் போகிற நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. உம்மா கொல்லையில் பலகை போட்டு உட்கார்ந்து பிஞ்சுப் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா கமெராவை எடுத்துவந்து என் கையில் தந்தார். அந்த ஓடாத ரோலைத்தான் அவர் சரியாகப் போட்டிருந்தார்.

"குமிழ் சுத்துது, நான் பார்த்திட்டன்" என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு உரத்து, "ராத்தா, அந்தப் படம்தான் பழுதாப் பெய்த்திட்டே. இப்ப ஒண்டு எடுப்பம். மூத்தவளுக்கு அனுப்பலாம். இவ எடுப்பா" என்றார்.

உம்மா நிமிர்ந்து பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த தேங்காயெண்ணெய்ச் சிரட்டையை இழுத்து, பலாப்பால் போக விரல் விரலாகத் தேய்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துச் சரிசெய்தார். பிறகுதான் சொன்னார்.

"எனக்கென்னத்துக்குப் படம்? புள்ளைகள எடுங்க."

வெளியே ரோட்டில் விமான நிலையத்துக்குப் போகிற வேன்காரர் ஹோர்ன் அடித்தார். சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். மாமா தலையைத் திருப்பி, "வாரன், வாரன்" என்று சத்தம் போட்டார். "சரி ராத்தா, ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி வாணாம்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

நானும் உம்மாவும் மட்டும் நின்றோம். நல்ல வெயில். மூன்றடி தூரம். கமெரா என் கையில் இருந்தது. உம்மா நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தாரா, கமெராவைப் பார்த்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தரம் பிழைவிடத் தேவையில்லாமல் போனதில் எனக்கு ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது. கமெராவை உறைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். உம்மா மறுபடி பலகையில் உட்கார்ந்தார். எண்ணெய் பூசித் துடைத்த கையோடு கத்தியை எடுத்து, வெட்டாமல் கிடந்த மற்றப் பாதியை வெட்டத் தொடங்கினார்.

எங்கள் வீடுகளில் வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டால், வாணாம் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் முறை கேட்டால், என்னத்துக்கு, இப்பதான் குடிச்சேன் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால் உட்கார்வார்கள். முதல் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவது பெரிய மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்தவர்களிடம் மூன்று முறையும் கேட்க என்னைத்தான் உம்மா அனுப்புவார். வெட்கப்பட்டுக்கொண்டே போய்க் கேட்பேன். ஒருநாளும் தவறினதில்லை. அந்த வயதில், அது தேத்தண்ணிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.